பழைய வேகன் ஆர் டேஷ்போர்டில் ராஸ்பெரி பை: புனலூர் கடையில் கொடுத்த வேலை எப்படி வந்தது?

பழைய வேகன் ஆரில் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பாட்டுக்கும் மேப்புக்குமாக ஒரு ராஸ்பெரி பையையும் (சின்ன கம்ப்யூட்டர் போர்டு, சுருக்கமாகப் பை) டச் ஸ்கிரீனையும் மாட்டக் கொடுத்த வேலை இது. மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஒயரிங் வேலைக்கு 10க்கு 9, ஃப்ரேம் வேலைக்கு 8, சொன்ன நேரத்துக்கு வண்டியைத் திருப்பித் தருவதற்கு 2. அந்த 2 கூட ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும்போது வாங்கிக் கொடுத்த கட்டன் சாயாவுக்காக.

செங்கோட்டையில் இருந்துகொண்டு இதற்காக மலை தாண்டி 50 கிலோமீட்டர் புனலூருக்குப் போக வேண்டுமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்ம பக்கம் கார் அக்சஸரீஸ் கடைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் நாம் வாங்கிக்கொண்டு போகிற பொருளைத் தொடுவதற்கு ஆள் இல்லை. ஒரு கடையில் நான் தோள்பையைத் திறந்து ராஸ்பெரி பை போர்டைக் காட்டியதுமே, "அதெல்லாம் செட் ஆகாது சார், ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு போட்டுத் தர்றேன், ஒரு மணி நேரத்துல கிளம்பிரலாம்" என்றார். அவர் வியாபாரத்துக்கு அது சரி. அந்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ஒரு கம்ப்யூட்டர்தான், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். எனக்கு அதில் பிடிக்காதது ஒன்றே ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தப் பெட்டி சொல்வதை வைத்துத்தான் நம்ப வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் செட்டிங்ஸில் தெரியும் ரேமும் ஆண்ட்ராய்டு வெர்ஷனும் வெறும் எழுத்துதான், உள்ளே பழசு ஓடும். அப்டேட் என்ற பேச்சே கிடையாது. ராஸ்பெரி பை என்றால் என்ன போட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், கெட்டுப்போனால் மெமரி கார்டை எழுதி மாட்டிவிட்டால் ஓடும்.

சாமான்கள் எல்லாம் நானே வாங்கியவை. 4 ஜிபி ராஸ்பெரி பை 4, அவர்களுடைய 7 இஞ்ச் டச் ஸ்கிரீன் (2015இல் வந்த பழைய மாடல், 800க்கு 480), யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர், அலுமினியப் பெட்டி, சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன நாலு சேனல் ஆம்ப் (ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையர்). 2024இல் புது டச் ஸ்கிரீன் வந்திருக்கிறது, தெளிவும் அதிகம், ஆனால் அது நெட்டுக்குத்தாக நிற்கிற பேனல், டேஷ்போர்டுக்குப் படுக்கைவாட்டில் இருப்பதுதான் வசதி என்று பழசையே எடுத்தேன். பை 5 ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். அது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கிற ஆசாமி. பை 4க்கு 3 ஆம்பியர் போதும். காரில் ஒவ்வொரு ஆம்பியருக்கும் சூடும் தொல்லையும் கூடுகிறது.

இனி கடை. புனலூர் டவுனில் மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, ஒரு வண்டி மட்டும் நிற்கிற ஷெட். வேலை செய்கிற சேட்டன் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஸ்டீரியோ பிட்டிங் அவருக்குப் பக்க வேலை. இதுதான் இந்தக் கடையின் பலம் என்று நினைக்கிறேன். அக்சஸரீஸ் கடைக்காரர் ஸ்கிரீனில் இருந்து ஆரம்பிப்பார், இவர் பேட்டரியில் இருந்து ஆரம்பித்தார். நான் ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் திறக்கச் சொல்லி, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தார். நிற்கும்போது 12.5, ஓடும்போது 14.1, செல்ஃப் அடிக்கும்போது ஒரு நொடி 9க்குப் பக்கத்தில் இறங்கி ஏறியது. "அண்ணா, ஸ்கிரீன் யாருக்கும் வைக்கலாம். கரண்ட் எங்கேருந்து எடுக்குது, அதாக்கும் காரியம்" என்றார். மலையாளம் கலந்த அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் காரியம் என்ன என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இந்த வேலையைப் பற்றி வருகிற வீடியோக்கள் எல்லாம் ஸ்கிரீன் எரிவதைக் காட்டி முடிந்துவிடுகின்றன. ராஸ்பெரி பைக்கு வருகிற கரண்ட் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று வரும். லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சாதா மொபைல் சார்ஜரில் போட்டால் அந்த மின்னலை அடிக்கடி பார்க்கலாம், மேப் ஜூம் பண்ணும்போதே திணறும். அதுக்கு மேலே செல்ஃப் பிரச்சினை. சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கிற அந்த நேரத்தில் பெரும்பாலான வண்டிகளில் அக்சஸரி லைன் அப்படியே கட் ஆகிவிடும். ஸ்டீரியோவுக்கு அது பெரிய விஷயமில்லை. கம்ப்யூட்டருக்கு அது நடுவில் பிளக்கைப் பிடுங்குகிற மாதிரி. மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகும், அடுத்த நாள் கறுப்புத் திரைதான்.

சேட்டன் செய்தது இது. ஸ்டீரியோவுக்குப் பின்னால் ஒயர்கள் வந்து சேர்கிற பிளக்கில், அதாவது கப்ளரில், மூன்று ஒயரைத்தான் தேடினார். மஞ்சள், சாவி இல்லாமலேயே எப்போதும் 12 வோல்ட் வருவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் வருவது. கறுப்பு, எர்த். கலரை நம்பவே இல்லை, ஒவ்வொன்றையும் சாவியைத் திருப்பித் திருப்பி மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டினார். வண்டியின் ஒரிஜினல் ஒயரில் ஒன்றைக்கூட வெட்டவில்லை, அதே மாடலுக்கான கப்ளர் ஒன்றை வாங்கி அதன் வாலில்தான் எல்லா வேலையும். நாளைக்குப் பழைய ஸ்டீரியோவை மாட்ட வேண்டும் என்றால் பிடுங்கிச் சொருகிவிடலாம். மஞ்சள் லைனில் ஒரு ஃபியூஸ், அதிலிருந்து டைமர் ரிலே (சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கரண்டை வெட்டுகிற சுவிட்ச்), ரிலேயில் இருந்து 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குகிற கன்வர்ட்டர். எல்லாரும் போடுகிற அந்த எல்எம்2596 நீல கன்வர்ட்டர் போர்டு அவர் மேஜையிலேயே நாலைந்து கிடந்தது, அதை இதற்கு எடுக்கவில்லை, 3 ஆம்பியர் என்பது அதற்குக் கடைசி எல்லை, பையும் ஸ்கிரீனும் சேர்ந்து இழுத்தால் சூட்டில் மூச்சு வாங்கும் என்றார். 8 வோல்ட் வரை இறங்கினாலும் 5 வோல்ட் தருகிற, ரெசின் ஊற்றி மூடிய 5 ஆம்பியர் கன்வர்ட்டர் ஒன்றைக் கொல்லத்தில் இருந்து வரவழைத்தார். அதற்குத்தான் முதல் தாமதம். இன்னொரு நல்ல வேலை, கன்வர்ட்டரை ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் வைக்காமல் பையை ஒட்டியே வைத்தார். 12 வோல்ட் ஒயர் நீளமாக ஓடினால் பரவாயில்லை, 5 வோல்ட் ஒயர் நீளமாக ஓடினால் வழியிலேயே வோல்ட் தேய்ந்துவிடும்.

சிவப்பு லைன் சும்மா சிக்னல் மட்டும்தான். சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்று பைக்குச் சொல்ல. பையின் பின்களுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போர்டு காலி, அதனால் நடுவில் ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பே இல்லாமல் வெளிச்சத்தால் சிக்னலைக் கடத்துகிற சிப்) போட்ட ஒரு குட்டி போர்டை நானே வீட்டில் சால்டர் பண்ணிக் கொண்டுபோயிருந்தேன். சாவி போய்ச் சில நொடிகள் வரை பை பொறுத்துப் பார்க்கும், திரும்பி வரவில்லை என்றால் தானாக ஷட்டவுன் ஆகும், ஒரு நிமிடம் கழித்து டைமர் ரிலே மொத்தக் கரண்டையும் வெட்டிவிடும். செல்ஃப் அடிக்கும்போது ரிலே பிடித்துக்கொண்டிருப்பதால் பை அசைவதே இல்லை. ரிலே எதற்கு, பையை அப்படியே ஓட விட்டால் என்ன என்று கேட்டால், சும்மா இருக்கும்போதே 3 வாட்டுக்குப் பக்கம் தின்னும், 12 வோல்ட்டில் கால் ஆம்பியர், ஒரு நாளைக்கு 6 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்கிற கணக்கு). என் வண்டியில் இருப்பது 35 ஏஎச் பேட்டரி. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நாலு நாள் வண்டியை விட்டுவிட்டு வந்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

ஒயர் இணைப்புகள் எல்லாம் கிரிம்ப் (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது), மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற குழாய்). முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற வேலை ஒரு இடத்தில்கூட இல்லை. வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து ஒயர் வெளியே தெரிகிற கண்றாவியை என் பழைய வண்டியில் பார்த்திருக்கிறேன். ஒயர் கட்டு முழுவதும் துணி டேப் சுற்றி டேஷ்போர்டு எலும்பில் கட்டியிருக்கிறார். ஆரியங்காவு ரோட்டில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் குழி குழியாக இறங்கி ஏறும்போதும் உள்ளே கடகட சத்தம் இல்லை.

அடுத்தது ஃப்ரேம். ஸ்டீரியோவுக்கான டபுள் டின் ஓட்டை (கார் ஸ்டீரியோக்களுக்கான பெரிய நிலையான அளவு) 180 மில்லிமீட்டர் அகலம், 100 உயரம். இந்த 7 இஞ்ச் ஸ்கிரீனின் வெளி அளவு 194க்கு 110. அதாவது பெயர்தான் 7 இஞ்ச், ஓட்டைக்குள் போகாது. கண்ணாடியின் ஓரத்தில் எரியாத கறுப்புப் பட்டை இருக்கிறதே, அதுதான் இடத்தைத் தின்கிறது. ஸ்டீரியோவைச் சுற்றி இருக்கிற பிளாஸ்டிக் முகப்பை, அதாவது பழைய ஃபேஷியாவை, வெட்டலாம் என்றேன், வேண்டாம், அதே மாதிரி ஒன்று பழைய சாமான் கடையில் கிடைக்கும் என்று சொல்லி ஒன்றைப் பிடித்து வந்து அதை வெட்டினார். ஓரங்களை அரம் வைத்து ராவி, ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகளை பின்பக்கம் ஒட்டி, பட்டி போட்டுத் தேய்த்து, மேட் கறுப்பு ஸ்ப்ரே. ஸ்கிரீன் ஓட்டைக்குள் உட்காரவில்லை, ஓட்டையின் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது, பின்பக்கம் நாலு ஸ்குரு. ஏசி நாப் பக்கத்தில் இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு நகம் அளவுக்கு மேடு தெரியும், விரலால் தடவினால் தெரியும், பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் இரண்டு மார்க் குறைத்தேன். ஸ்கிரீனைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கேட்டேன், ஏசி காற்று போகிற குழாய் இடிக்கிறது என்றார். கையை விட்டுப் பார்த்தேன், இடிக்கத்தான் செய்கிறது.

வெயிலில் இந்த ஸ்கிரீன் சுமார்தான், அதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் மர நிழல், மேகம், சாரல் எல்லாம் இருப்பதால் தென்மலை வரை பளிச்சென்று தெரியும். காலையில் செங்கோட்டையில் இருந்து கிளம்பிப் புளியரை போகிற வரைதான் சோதனை, மேற்கே பார்த்துப் போகும்போது சூரியன் பின்கண்ணாடி வழியாக நேராகத் திரையில் விழும், மேப்பில் ரோடு எது வயல் எது என்று தெரியாது. மேட் ஃபிலிம் ஒட்டியபிறகு பரவாயில்லை, ஆனால் எழுத்து கொஞ்சம் மங்குகிறது.

சூடு இன்னொரு விஷயம். பை 4 வேலை செய்வதற்குச் சொல்லப்பட்ட வெளிச்சூடு 50 டிகிரி வரை. சிப் 80 டிகிரியைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் கேரளச் செய்திகளில் அதிக வெயில் என்று அடிக்கடி பெயர் வருகிற ஊரே புனலூர்தான், அதனால் சேட்டனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பையை ஸ்கிரீனுக்குப் பின்னால் மாட்டுவதுதான் எல்லாரும் செய்வது, அதற்கான ஸ்குரு ஓட்டைகள்கூட அதில் உண்டு. இவர் நீளமான ரிப்பன் கேபிள் போட்டு பையை கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். கீழே கார்பெட் பக்கம் வைக்கவில்லை, மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் கசிந்தால் முதலில் நனைவது அதுதான் என்றார். ஏசி போட்டு ஓடும்போது 60 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மே மாத மத்தியானத்தில் நிழலில்லாமல் நிறுத்திவிட்டு வந்தால் கண்ணாடியை இறக்கிக் கொஞ்சம் ஓட்டியபிறகுதான் சாதாரண வேகத்துக்கு வருகிறது.

சத்தம்தான் கொஞ்ச நாள் படுத்தியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாட்டுக்குப் பின்னால் "ஙொய்ய்ய்" என்று ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ணுகிற ஜெனரேட்டர்) கூடவே பாடும். ஆம்புக்கும் பைக்கும் எர்த் வேறு வேறு போல்ட்டில் இருந்தது, ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் பாதி போனது. பையின் இயர்போன் ஓட்டையை விட்டுவிட்டு யூஎஸ்பி சவுண்ட் கார்டில் இருந்து எடுத்து, நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரும் (எர்த் வழியாக வருகிற இரைச்சலைத் தடுக்கிற சின்னப் பெட்டி) போட்டபிறகு மீதியும் போயே போச்சு. இந்த இரண்டாவது வேலைக்குக் கூலி வாங்கவில்லை.

சாப்ட்வேர் என் பொறுப்பு. பாட்டுக்குக் கோடி (Kodi), வழிக்கு நேவிட் (Navit) என்ற சாப்ட்வேர்கள், இரண்டும் இலவசம். மேப் மெமரி கார்டிலேயே இருக்கிறது. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, கழுதுருட்டி பக்கம் போனில் சிக்னல் வரும் போகும், இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மலையில் இருப்பதே ஒரு ரோடு, அதற்கு மேப் எதற்கு என்று 13 கண் பாலத்தைக் காட்டிக் கேட்டார் கூட வந்த மாமா. தென்மலையில் குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் பிரிகிற இடத்துக்கு வந்ததும் அவரேதான் ஸ்கிரீனைப் பார்த்தார். பை 4இல் கடிகார பேட்டரி கிடையாது, இணையம் இல்லாமல் போட்டால் பழைய நேரத்தைக் காட்டும், ஜிபிஎஸ்ஸில் இருந்து நேரத்தை எடுக்கச் சொல்லி வைத்துவிட்டால் வானம் தெரிந்ததும் சரியாகிவிடுகிறது. ஹேண்ட் பிரேக் ஒயரையும் ஒரு பின்னுக்குக் கொண்டுவந்திருக்கிறோம், பிரேக் இழுத்திருந்தால்தான் வீடியோ ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுகிற கடைகளில் இந்த ஒயரை நேராக பாடி எர்த்தில் கொடுத்து அந்தத் தடையைத் தூக்கிவிடுவதுதான் வழக்கம், கேட்டால் கஸ்டமர் கேட்கிறார் என்பார்கள். இந்தச் சேட்டன் கேட்காமலேயே ஒயரைத் தனியாக இழுத்து வைத்திருந்தார்.

இனி பிடிக்காதவை. ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்பவர்கள் இந்த வழிக்கே வராதீர்கள். பை எழுந்து வர அரை நிமிடம் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணி உடனே வண்டியைப் பின்னால் எடுக்கிறவருக்கு அந்த அரை நிமிடத்தில் கேமரா இல்லை. நல்ல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் பெட்டி முழுசாக எழுவதற்கு முன்பே கேமரா படம் வந்துவிடும், அதில் அதுதான் ஜெயிக்கிறது. ரேடியோவும் போய்விட்டது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ஒரு யூஎஸ்பி டாங்கிள் வைத்து எஃப்எம் எடுக்கலாம், எடுத்தும் பார்த்தேன், ஆனால் பட்டனை அமுக்கினால் பாடுகிற அந்தச் சுகம் அதில் இல்லை. அப்பாவுக்கு இன்னும் கோபம்.

கடையைப் பொறுத்தவரை நேரம்தான் குறை. "நாளைக்கு" என்றால் நாளைக்கு இல்லை. நடுவில் ஏதாவது சபரிமலை வண்டி பேட்டரி இறங்கி வந்து நின்றால் நம்ம வேலை ஓரம் போய்விடும், அதற்குக் கோபப்படவும் முடியாது. பில் கையால் எழுதின சீட்டு. வாரண்டி என்று எழுதித் தரவில்லை, "வாங்க, நோக்கலாம்" என்பதுதான் வாரண்டி. போன் எடுக்க மாட்டார், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினால் ராத்திரி பதில் வரும். கூலியும் கன்வர்ட்டர், ரிலே, கப்ளர், பழைய ஃபேஷியா எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. என் சாமான்கள் தனியாகப் பதினெட்டாயிரத்தைத் தொட்டன. இந்தக் காசுக்கு நல்ல கம்பெனி ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்றை மாட்டிவிட்டு மீதியும் பார்க்கலாம், அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. மண்டல காலத்தில், அதாவது கார்த்திகை மார்கழியில், வேலையைக் கொடுக்காதீர்கள், ரோட்டிலும் கூட்டம், ஷெட்டிலும் கூட்டம். போகும்போது உங்கள் வண்டியின் ஸ்டீரியோ கப்ளரை போனில் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், அதற்குப் பொருந்துகிற கப்ளர் கைக்கு வந்தபிறகுதான் அவர் டேஷ்போர்டையே கழற்றுவார்.